பழைய ஸ்கோர் கார்டைக் கிழித்துப் போடுங்கள்

சென்னையில் விடியற்காலை கோல்ஃப் டிரைவிங் ரேஞ்சுக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் முறையாக மட்டை பிடிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே தப்பு செய்வார்கள். இன்னொரு வகை, பத்துப் பன்னிரண்டு வருஷம் விட்டுவிட்டு மறுபடி வந்தவர்கள். பிள்ளைகள் காலேஜுக்குப் போயாகிவிட்டது, வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, பரணில் கிடந்த பையைத் தூசி தட்டி எடுத்து வந்திருக்கிறார்கள். இவர்கள் சிரிப்பதில்லை. ஒரு பந்து அம்பு மாதிரி போகும், முகம் மலரும். அடுத்தது தரையோடு உருண்டு முப்பது யார்டில் நின்றுவிடும். உடனே மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், காரணம் அதில் எழுதியிருக்கிற மாதிரி.

நானும் அப்படிப் பார்த்தவன்தான். நாற்பத்தொன்பது வயதில் விட்டேன், அறுபத்தொன்றில் திரும்பினேன், இப்போது எழுபத்திரண்டு. "சார், ஞாயிற்றுக்கிழமை 88, புதன்கிழமை 104. எதை நம்புறது?" என்று திரும்பி வந்த தம்பிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் கோச் இல்லை. உங்கள் ஸ்விங்கைத் திருத்துகிற தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் ஸ்விங்கின் மேல் பழி போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைத்தான் எழுதுகிறேன். (நம் ஊரில் கிளப் என்றால் மட்டையும் கிளப், மனமகிழ் மன்றமும் கிளப். குழப்பம் வேண்டாமென்று மட்டை என்றே சொல்கிறேன்.)

1. முதலில் மூக்குக் கண்ணாடியைப் பாருங்கள்.

நான் திரும்பி வந்த முதல் மூன்று வாரம், பத்துப் பந்தில் நாலு தலை தட்டிப் போனது. தோள் போச்சு, வயசாச்சு என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். என் கேடி ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். (பை தூக்குகிறவருக்கு இந்த விளையாட்டு வைத்த பெயரைத் தமிழில் எழுதினால் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது, என்ன செய்ய.) "சார், முன்னாடி நிமிர்ந்து நிப்பீங்க. இப்போ தாடையை நெஞ்சுல இடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

அப்போதுதான் உறைத்தது. நாற்பத்தொன்பதில் எனக்குச் சாதாரணக் கண்ணாடி. இப்போது மாட்டியிருப்பது புரோக்ரசிவ். அதன் கீழ்ப்பாகம் செய்தித்தாள் படிக்க. பந்தைக் குனிந்து பார்த்தால் அந்தக் கீழ்ப்பாகம் வழியாகத்தான் தெரியும், கலங்கலாக. மேல்பாகம் வழியாகப் பார்க்க வேண்டுமென்று தலை தன்னால் கவிழ்ந்துகொள்ளும். தாடை நெஞ்சில் ஒட்டிக்கொண்டால் இடது தோள் அடியில் புகுந்து திரும்ப இடமில்லை. தோள் தாடையைத் தள்ள, உடம்பு முழுவதும் எழும்பும், மட்டை பந்தின் மண்டையில் படும். தூரப் பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி செய்து பையில் வைத்தேன். தலை தட்டுவது அத்தோடு பெரும்பாலும் நின்றது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திரும்பி வருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

2. பரணில் கிடந்த மட்டையின் கிரிப் ரப்பர் இந்நேரம் இறுகிப் பளபளத்துப் போயிருக்கும். நம் ஊர் வெயிலில் சும்மா கிடந்தாலே இறுகும். வழுக்குகிற பிடியை இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்கிப் பிடித்தால் முன்கை மரமாகும், பந்து வலது பக்கம் ஓடும். புது டிரைவர் வாங்குகிற காசில் பை முழுக்கப் பல தடவை கிரிப் மாற்றலாம். முதலில் அதை மாற்றுங்கள். வியர்க்கிற ஊர் என்பதால் கிளவ் இரண்டு வேண்டும். ஒன்று கையில், ஒன்று பையில் காய வேண்டும்.

3. ரேஞ்சில் போட்டிருக்கிற பாயை நம்பாதீர்கள்.

"ரேஞ்ச்ல அருமையாப் போகுது சார், கோர்ஸ்ல மட்டும் போகலை." வாரத்துக்கு ஒரு தடவை இது என் காதில் விழுகிறது. செயற்கைப் புல்பாயின் மேல் மட்டை பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் விழுந்தாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். பந்தும் நல்ல பிள்ளை மாதிரி போகும். அதே அடியை மண்ணில் அடியுங்கள். மட்டை மண்ணைத் தோண்டும், பந்து பாதி தூரம்கூடப் போகாது. ஆக, ரேஞ்சிலும் கோர்ஸிலும் நீங்கள் அடிப்பது ஒரே அடிதான். பாய் உங்கள் தப்பை மறைத்தது, மண் காட்டிக்கொடுத்தது.

கைத்துண்டை மடித்துப் பந்துக்கு நாலு விரற்கடை பின்னால் போடுங்கள். துண்டில் படாமல் பந்தை அடிக்க வேண்டும். முதல் நாள் துண்டும் சேர்ந்து பறக்கும். பக்கத்தில் அடிக்கிறவர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

இன்னொன்று. ஐம்பது பந்தையும் ஒரே 7 அயர்னில் ஒரே திசையில் அடித்தால் கடைசி இருபது தேனாகப் போகும். கோர்ஸில் அப்படி ஒரே அடியை இருபது தடவை யாரும் அடிக்க விடப்போவதில்லை. டிரைவர் ஒன்று, வெட்ஜ் ஒன்று, 5 அயர்ன் ஒன்று என்று மாற்றி மாற்றி அடியுங்கள். அன்றைக்குக் கேவலமாக இருக்கும். ஆனால் இப்படிப் பழகியதுதான் கையில் தங்கும்.

4. 88-ம் நீங்கள்தான், 104-ம் நீங்கள்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் உங்கள் கடைசி 20 ரவுண்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் சிறந்த 8-ஐ மட்டும் வைத்துச் சராசரி போடுகிறார்கள். மீதி 12 கணக்கிலேயே வராது. யோசித்துப் பாருங்கள். ஐந்து ரவுண்டுக்கு மூன்று குப்பைக்குத்தான் போகும் என்று முறையை வகுத்தவர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஹேண்டிகேப் அளவுக்கு ஒருவர் ஆடுவது நாலைந்து தடவைக்கு ஒரு தடவை நடந்தால் பெரிது. "இன்றைக்கு ஹேண்டிகேப்புக்குக்கூட ஆட முடியலையே" என்று உட்கார்ந்து புழுங்குகிறவர், சாதாரணமாக நடக்க வேண்டிய ஒன்று நடந்ததற்குப் புழுங்குகிறார்.

பழைய ஹேண்டிகேப்பைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். மூன்று முழு ரவுண்டு ஆடி, 54 ஹோல் கார்டு கொடுத்தால் புதிதாக ஒன்று கிடைக்கும். என் வீட்டு அலமாரியில் 79 அடித்த கார்டு ஒன்று ரொம்ப நாள் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டுவேன். அதற்கு முந்தின வாரம் 93 அடித்ததை யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே மறந்து போய்விட்டது. திரும்பி வந்தவன் தன் பழைய ஆட்டத்தோடு ஒப்பிடுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறான். அவன் ஒப்பிடுவது பழைய ஆட்டத்தின் மிகச் சிறந்த நாலு நாளோடு. அந்தக் கார்டை நான் ஒருநாள் கிழித்துப் போட்டேன். வீட்டம்மா என்னமோ ஏதோ என்று பதறிவிட்டார்.

5. பென் ஹோகன் கதையையும் டைகர் வுட்ஸ் கதையையும் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள். ஹோகன் 1949 பிப்ரவரியில் கார் விபத்தில் நொறுங்கி, 1950 ஜூனில் மெரியனில் அமெரிக்க ஓப்பன் ஜெயித்தார். வுட்ஸ் 2017-இல் முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2019-இல் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். இரண்டும் உண்மை. ஆனால் ஆட்டமே தொழிலாக இருந்தவர்களுக்கு ஆன காலத்தைப் பாருங்கள்: ஒருவருக்குப் பதினாறு மாதம், இன்னொருவருக்கு இரண்டு வருஷம். வாரம் ஒருநாள் ஆடுகிற நீங்கள் ஆறாவது வாரத்தில் மட்டையைத் தண்ணீரில் எறியப் பார்க்கிறீர்கள்.

6. ஊட்டியில் அடித்த தூரத்தைச் சென்னைக்குக் கொண்டுவராதீர்கள்.

மே மாதம் நம்மவர்கள் ஊட்டி போய் ஜிம்கானா கோர்ஸில் நாலு நாள் ஆடிவிட்டு வருவார்கள். 7 அயர்ன் 160 போகுது என்று பூரிப்பு. ஜூனில் சென்னையில் அதே 7 அயர்ன் பத்து யார்டு முன்னாலேயே விழும். ஸ்விங் போய்விட்டது என்று கோச்சைத் தேடுவார்கள். ஒன்றும் போகவில்லை. ஏழாயிரம் அடிக்கு மேல் காற்று மெல்லிசு. பந்து எட்டு சதவீதம்போலக் கூடுதலாகப் போகும். குளிர் அதில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். மலையிலிருந்து இறங்கினால் ஒரு மட்டை பெரிதாக எடுங்கள். சென்னையிலேயே இருந்தாலும் அப்படித்தான்: உங்கள் 7 அயர்ன் எவ்வளவு போகும் என்று கேட்டால் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை போன தூரத்தைச் சொல்கிறீர்கள். பத்து அடித்து, நடுவில் விழுந்ததன் தூரத்தைச் சொல்லுங்கள்.

7. கடிகாரத்தில் நொடி முள் ஒரு நொடிக்கு ஆறு டிகிரி நகர்கிறது. அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஒரு டிகிரி, மட்டையின் முகம் திரும்பினால் 200 யார்டு தூரத்தில் பந்து மூன்றரை யார்டு விலகி விழும். பந்தின் சுழற்சி சேர்ந்தால் இன்னும் தள்ளிப் போகும். மனிதக் கையால் இதை ஒவ்வொரு தடவையும் நேராக வைக்க முடியாது. அதனால் கொடியைப் பார்த்துக் குறிவைக்காதீர்கள். உங்கள் பந்துகள் எங்கிருந்து எங்குவரை சிதறுகின்றன என்று தெரிந்துகொண்டு, அந்தச் சிதறல் முழுவதும் தண்ணீருக்கு இந்தப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். வலது பக்கம் குளம், உங்கள் பந்து வலதுக்கு ஓடுகிற வகை. கொடியும் வலது பக்கம். அங்கே ஏன் ஐயா அடிக்கிறீர்கள்?

8. எட்டடி பட் தவறினால் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க பி.ஜி.ஏ. டூரில் ஆடுகிறவர்களே எட்டடியில் ஏறக்குறைய பாதிதான் போடுகிறார்கள். இருபதடியில் ஏழுக்கு ஒன்று. நீங்கள் பழக வேண்டியது மூன்றடி. அதோடு, முப்பதடியிலிருந்து முதல் பட்டைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது.

9. ஒரு சின்ன நோட்டு வையுங்கள்.

நான் ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன். ஸ்கோரை எழுதவில்லை. மூன்றே விஷயம்: அபராத அடி எத்தனை, மூன்று பட் போட்ட கிரீன் எத்தனை, கிரீன் ஓரத்தில் ஒரு சிப்புக்குப் பதில் இரண்டு அடித்தது எத்தனை. 89 அடித்த நாளில் மூன்றும் சேர்ந்து நாலு. 103 அடித்த நாளில் பதினாறு. மீதி ஆட்டம் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றேதான்! 103 அடித்த அன்று நான் அடித்த நல்ல அடிகள் குறையவே இல்லை. அன்றைக்கு இரவெல்லாம் ஸ்விங்கைப் பற்றி யோசித்துத் தூங்காமல் கிடந்தேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகு ரேஞ்ச் நேரத்தில் பாதியைக் கிரீன் ஓரத்துக்கு மாற்றினேன். அங்கே அடிக்கிற பந்து முப்பது யார்டு தாண்டாது. பார்க்கிறவர்கள் யாரும் ஆஹா சொல்வதில்லை.

10. ஒரே நேரத்தில் ஒருவர் பேச்சைத்தான் கேளுங்கள். காலை யூடியூப், மதியம் ஆபீஸ் நண்பர், மாலை ரேஞ்சில் பக்கத்துப் பாயில் நிற்கிற நான் என்று மூன்று பேர் சொல்வதையும் ஒரே வாரத்தில் முயன்றால் நேற்று வந்ததும் இன்றைக்கு வராது. கோச்சிடம் போனால் மூன்று மாதமாவது அவரிடமே இருங்கள்.

11. ஸ்கோர் பயம் தலைக்கேறிவிட்டால் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுங்கள். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற டாக்டர் கொண்டுவந்தது, இங்கிலாந்தின் வாலசியில் 1932-இல் ஆடப்பட்டது. ஹேண்டிகேப்பைக் கழித்த பிறகு ஒரு ஹோலில் பார் வந்தால் இரண்டு புள்ளி, ஒரு அடி கூடினால் ஒன்று, அதற்கு மேல் பூஜ்யம். ஒரு ஹோலில் பத்து அடித்தாலும் அந்தப் பூஜ்யத்தோடு முடிந்தது. பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம். திரும்பி வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை என்பது என் அபிப்பிராயம். கார்டு ஆட்டம்தான் உண்மையான ஆட்டம் என்று வாதிடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் எல்லாம் முகம் சுளித்துக்கொண்டே ஆடுகிறவர்கள்.

12. நீங்கள் இல்லாதபோது 2019-இல் விதிகள் மாறின. பந்தை டிராப் செய்வது தோள் உயரத்திலிருந்து அல்ல, முழங்கால் உயரத்திலிருந்து. தேடுவதற்கு ஐந்து நிமிடம் கிடையாது, மூன்றுதான். பட் போடும்போது கொடியை எடுக்காமலே போடலாம். தெரியாமல் போனால் இளவட்டங்கள் முன்னால் அசடு வழிய வேண்டியிருக்கும்.

13. முதுகுக்குப் பத்து நிமிடம் கொடுக்காமல் முதல் டீயில் நிற்காதீர்கள். உங்கள் முதல் மூன்று ஹோல் எப்போதும் மோசமாக இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

14. ஆறு மணிக்கு முதல் டீயில் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் நாங்கள் நாலு பேர் இருப்போம். ஒரு ஆள் குறைந்தால் வந்து சேர்ந்துகொள்ளுங்கள். பணம் வைத்து ஆடுவதில்லை. ஒன்பதாவது ஹோல் முடிந்ததும் தோற்றவர் எல்லோருக்கும் இளநீர் வாங்க வேண்டும். மார்கழியிலிருந்து பெரும்பாலும் நான்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.