தாளம் சொல்லும் முகவரி

பேரங்காடியிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் பள்ளி விளையாட்டு விழாவிலும் இன்று அடிக்கடி ஒலிப்பது மின்னணு நடன இசை. கேட்பவர் பலருக்கு அது முழுவதும் ஒரே ஓசையாகத் தோன்றும். 'எல்லாம் அதே டும் டும்தானே!' என்பர். கூர்ந்து கேட்டால் அந்த 'டும் டும்' பல வகைப்படும் என்பது புலனாகும். ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், டிரம் அண்ட் பேஸ், டப்ஸ்டெப் என ஒவ்வொரு வகைக்கும் தனி நடை உண்டு. பிறந்த ஊரும் உண்டு.

காதுக்கு மூன்று கேள்விகள்

ஒரு பாடல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறிய மூன்று கேள்விகள் உதவும்.

முதலாவது, வேகம் என்ன? தாளத்தின் தட்டுகளை 15 நொடிகளுக்கு எண்ணி, அதனை 4 ஆல் பெருக்க வேண்டும். 31 தட்டுகள் வந்தால், அப்பாடலின் வேகம் நிமிடத்திற்கு 124 தட்டுகள் ஆகும். இது ஹவுஸ் இசைக்குரிய வேகம். 43 தட்டுகள் வந்தால் வேகம் 172 ஆகும். அது டிரம் அண்ட் பேஸ் இசையாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, கனத்த முரசொலி எங்கே விழுகிறது? சில வகைகளில் நான்கு தட்டுகளிலும் ஒரே சீராக விழும். வேறு சிலவற்றில் இடம் மாறி, உடைந்து உடைந்து விழும்.

மூன்றாவது, முரசைத் தவிர முன்னால் நிற்பது எது? அது மனிதக் குரலா, இயந்திர ஒலியா, நீண்ட மெட்டா, நெஞ்சை அதிர வைக்கும் தாழ்ந்த ஒலியா என்று கவனிக்க வேண்டும்.

சிகாகோவின் ஹவுஸ்

1970களில் அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த டிஸ்கோ இசை, பெரிதும் கறுப்பின மக்களிடையேயும் லத்தீன் இன மக்களிடையேயும் வளர்ந்தது. 1979ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் அரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தனர். பார்வையாளர் பலர் ஆரவாரம் செய்தனர். அதன்பின் டிஸ்கோவின் செல்வாக்கு விரைவாகச் சரிந்தது.

எனினும், அதே நகரின் வேர்ஹவுஸ் என்னும் நடனக்கூடத்தில் அந்த இசை அடங்கவில்லை. அங்கே இசைத்தட்டுகளை இயக்கிய பிரான்கி நக்கிள்ஸ், பழைய பாடல்களை நீட்டியும் வெட்டி ஒட்டியும் இயந்திரத் தாளத்தோடு இணைத்தும் புதுமையாக ஒலிக்கச் செய்தார். 'ஹவுஸ்' என்ற பெயர் அக்கூடத்தின் பெயரிலிருந்தே வந்தது எனப் பரவலாகக் கூறுவர். வேர்ஹவுஸ் இருந்த தெருவின் ஒரு பகுதிக்குச் சிகாகோ நகரம் 2004இல் அவர் பெயரைச் சூட்டியது.

ஹவுஸ் இசையில் முரசு நான்கு தட்டுகளிலும் விழும். இரண்டாம், நான்காம் தட்டுகளில் கைதட்டல் ஒலி சேரும். முரசுக்கு முரசு இடையே ஜாலரா போன்ற மெல்லிய உலோக ஒலி துள்ளும். உருக்கமான குரலும் பியானோவும் பல பாடல்களில் முன்னிற்கும்.

டெட்ராய்ட்டின் டெக்னோ

கார்த் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற டெட்ராய்ட் நகரின் அருகே பெல்வில் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே ஒரே பள்ளியில் பயின்ற கறுப்பின இளைஞர்கள் மூவர் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். ஜெர்மனியின் கிராப்ட்வெர்க் குழுவின் மின்னணு இசையும் அமெரிக்காவின் ஃபங்க் இசையும் இவர்களைக் கவர்ந்தன. இரண்டையும் கலந்து இவர்கள் உருவாக்கியதே டெக்னோ.

டெக்னோவிலும் முரசு நான்கு தட்டுகளில்தான் விழுகிறது. ஆனால், குரல் பின்வாங்கிவிடும். இயந்திரம் ஓடுவது போன்ற ஒரே ஒலிக்கோவை திரும்பத் திரும்ப வந்து, மெல்ல மெல்ல உருமாறும். 1988இல் டெட்ராய்ட் கலைஞர்களின் பாடல்கள் இங்கிலாந்தில் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. முதலில் அதற்கு 'டெட்ராய்ட்டின் ஹவுஸ் இசை' என்ற பொருளில் பெயரிட எண்ணியிருந்தனர். பின்னர், 'டெக்னோ' என்ற சொல்லே தலைப்பில் இடம்பெற்றது. அந்த ஒரு சொல்லால் டெட்ராய்ட்டின் இசை தனி அடையாளம் பெற்றது.

ஒரே கருவி, இரண்டு ஊர்கள்

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்ற சிறு கருவியை விற்றது. கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாகத் தாழ்ந்த ஒலி எழுப்புவதே அதன் வேலை. அது விலைபோகாததால் தயாரிப்பு நின்றது. பழைய பொருளாக மலிவு விலையில் கிடைத்த அக்கருவியைச் சிகாகோ இளைஞர்கள் வாங்கி, அதன் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகினர். நெளிந்து வழுக்கும் புதுவித ஒலி பிறந்தது. பியூச்சர் குழு அந்த ஒலியில் அமைத்த பாடல் 1987இல் வெளிவந்தது. ஹவுஸின் உட்பிரிவான ஆசிட் ஹவுஸ் அவ்வாறு வளர்ந்தது.

அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பே, 1982இல், பம்பாயின் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் அதே கருவியைக் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து வெளியிட்டிருந்தார். அன்று அதை வாங்கியோர் மிகக் குறைவு. 2010இல் அது மறுபடியும் வெளியானபோது, ஆசிட் ஹவுஸை ஒத்திருப்பதைக் கேட்டு உலகம் வியந்தது. ஆயினும், சிகாகோ இளைஞர்கள் அவர் இசையைக் கேட்டதற்குச் சான்று இல்லை. ஒலி ஒன்றுபோல் இருந்தாலும் வழி வேறாக இருக்கலாம். எனவே, ஒரு வகையை அறியக் காது மட்டும் போதாது, வரலாறும் வேண்டும்.

கடல் கடந்த வகைகள்

1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் டிரான்ஸ் உருவெடுத்தது. பாடலின் நடுவே முரசு முற்றிலும் நின்றுவிடும். மெட்டு மட்டும் மிதந்து, படிப்படியாக உயர்ந்து, உச்சத்தை எட்டியதும் முரசு மீண்டும் முழங்கும். மெய்மறந்த நிலை என்பதே அப்பெயரின் பொருள்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜங்கிளும் அதனைத் தொடர்ந்து டிரம் அண்ட் பேஸும் வளர்ந்தன. கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் இசைமரபு இவற்றுக்கு வலு சேர்த்தது. இவற்றின் முரசொலி சீராக விழாமல், 160 முதல் 180 வரையிலான வேகத்தில் சிதறி ஓடும். 2000களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனில் டப்ஸ்டெப் தோன்றியது. அதன் வேகம் ஏறக்குறைய 140. ஆனால், அழுத்தமான அடி மூன்றாம் தட்டில் மட்டுமே விழுவதால், உடல் அதனை 70 ஆகவே உணரும். வேகத்தை எண்ணுவோர் இங்கே ஏமாந்துவிடக் கூடாது.

ஏழு நொடிகளின் கடன்

ஜங்கிள் இசையின் உயிர்நாடியாக அமைந்தது ஒரு சிறு முரசுத் துண்டு. அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் வெளியிட்ட 'ஆமென், பிரதர்' என்ற இசைப்படைப்பில், கிரெகரி கோல்மன் என்ற முரசுக் கலைஞர் ஏறக்குறைய 7 நொடிகள் தனியாக வாசித்தார். பின்வந்தோர் அப்பகுதியை நகலெடுத்து, வெட்டி, வேகப்படுத்தி ஆயிரக்கணக்கான பாடல்களில் பயன்படுத்தினர். அதற்கென உரிமைத்தொகை எதுவும் கோல்மனுக்குக் கிடைக்கவில்லை. அவர் 2006இல் வறுமையில் இறந்தார்.

இசை வகைகளுக்கிடையே மதில் ஏதும் இல்லை. ஹவுஸும் டெக்னோவும் கலந்த பாடல்கள் உண்டு. வல்லுநர்களே பெயர் சொல்லத் தயங்கும் பாடல்களும் உண்டு. ஆகவே, பிறரைத் திருத்திப் பெருமை கொள்வதற்காக எவரும் இப்பெயர்களைக் கற்க வேண்டியதில்லை. ஹவுஸ் என்ற சொல்லில் புறக்கணிக்கப்பட்ட மக்கள் கூடி ஆடிய கூடம் இருக்கிறது. ஜங்கிளின் முரசொலியில் கோல்மனின் கைகள் இருக்கின்றன. 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்லும்போது அவர்கள் மறக்கப்படுகின்றனர். வேறுபாட்டைக் கேட்டறிவது, உழைத்தவருக்குரிய பெயரை அவருக்கே திருப்பித் தருவதாகும்.

சிந்தித்து விடையளித்திடுக

1. ஹவுஸ், டெக்னோ ஆகியவற்றுக்கு இடையிலான ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் எழுதுக.
2. 'காது மட்டும் போதாது. வரலாறும் வேண்டும்' என்பதைச் சரண்ஜித் சிங்கின் இசை எவ்வாறு உணர்த்துகிறது?
3. பிறர் படைத்த ஒலியைப் பயன்படுத்துவோர், படைத்தவருக்குச் செய்யவேண்டிய கடமை யாது? உமது கருத்தைக் காரணத்துடன் விளக்குக.