டென்ஷன் வந்தால் தாடைக்கு ரத்தம் போகாதா?

டென்ஷன் ஏறினால் தாடைத் தசைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும், வலி அதனால்தான் வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். பயத்தில் கை சில்லிட்டு முகம் வெளிறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்ளே இருக்கும் தசைக்கும் அதே கதிதான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தோலில் நடப்பது ஒன்று, தசையில் நடப்பது வேறு.

ஆபத்து நேரத்தில் உடல் ரத்தத்தைத் தோலிலிருந்தும் குடலிலிருந்தும் இழுத்துத் தசைகளுக்கு அனுப்புகிறது என்று ஹார்வர்டின் வால்டர் கேனன் 1915-லேயே எழுதினார். அப்போது சுரக்கும் ஒரே அட்ரினலின் ஓரிடத்தில் ரத்த நாளத்தைச் சுருக்கி இன்னோரிடத்தில் விரிப்பது எப்படி? அதை ஏற்கும் வாங்கிகள் ஆல்ஃபா, பீட்டா என இரு வகை என்று 1948-இல் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் காட்டினார். தோலில் ஆல்ஃபா மிகுதி, அதனால் நாளங்கள் சுருங்கும். தசை நாளங்களில் பீட்டாவும் உண்டு, அவை விரியும். மனம் பதறும்போது முன்கைத் தசையில் ரத்த ஓட்டம் கூடுவதை 1959-இல் பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தாடையும் விலக்கல்ல. ஆரோக்கியமானவர்களின் கன்னத்தில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, மனக்கணக்குப் போடச் சொல்லிச் சோதித்தபோது, மெல்லும் தசையில் ரத்தம் கூடியதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? காது மடலுக்குக் கீழே, சற்று முன்னே, தாடை எலும்பின் மூலையில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். கெட்டியாகப் புடைத்து எழுவதுதான் மெல்லும் தசை. லேசாகக் கடித்தால் அதற்கு ரத்தம் கூடுதலாக வரும். பலமாக, விடாமல் இறுக்கினால் தசையே தன் நாளங்களை நசுக்கிக்கொள்ளும். விட்டதும் ரத்தம் பாய்ந்து வரும். கவலையில் இருப்பவர் தன்னையறியாமல் பல்லைக் கிட்டித்துக்கொண்டே இருந்தால் தசை சோர்ந்து நோகிறது. மனம் பதறுவதால் மட்டும் தசை பட்டினி கிடப்பதில்லை. தூக்கமின்மையும், வலியை மூளை கூர்மையாக உணர்வதும் சேர்ந்துகொள்கின்றன. பல்லை இறுக்கிக் கடிக்கும் எல்லோருக்கும் வலி வருவதுமில்லை.

ஆகவே “எல்லாம் மனசுலதான், நீயா கற்பனை பண்ணிக்கிற” என்று வீட்டில் சொல்வது அநியாயம். வலி நிஜம். தொட்டால் நோகும் தசையும் நிஜம்.

தூக்கத்தில் குழந்தை பல்லை நறநறவென்று கடித்தால் வயிற்றில் பூச்சி என்று பூச்சி மருந்து கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பூச்சியே இல்லாத பிள்ளைகளும் பல்லைக் கடிக்கிறார்கள். தூக்கம் கணநேரம் கலையும்போது முதலில் இதயத்துடிப்பு கூடுகிறது, பிறகுதான் தாடை இறுகுகிறது. பல குழந்தைகளுக்கு வளர வளர இது தானாகவே நின்றுவிடும்.

கடைவாய்ப் பல்தான் வலிக்கிறது என்று நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்பவர்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மெல்லும் தசையின் வலி பல்வலி போலவே தெரியும். எக்ஸ்ரேயில் பல்லில் எதுவும் தெரியாவிட்டால், தசையை அழுத்திப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பகலில் உதடு மூடியிருந்தாலும் பற்கள் தொடக்கூடாது. இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் விலகியிருப்பதே இயல்பு. போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதைக் கவனித்துத் தாடையைத் தளர்த்துங்கள். வெந்நீர் ஒத்தடமும் இதம் தரும்.

தாடைக்கு ரத்தம் உண்மையாகவே குறையும் நோய் ஒன்று இருக்கிறது. 50 வயதைத் தாண்டியவருக்குச் சாப்பாட்டை மெல்லும்போது வலித்து, நிறுத்தினால் விட்டுவிடும். கூடவே புதிதாகத் தலைவலி, நெற்றிப்பொட்டில் நோவு, பார்வை மங்கல் இருக்கலாம். அங்கே தமனியே அழற்சியால் அடைபடுகிறது. உடனே ஸ்டீராய்டு தொடங்காவிட்டால் பார்வை பறிபோகலாம். நடக்கும்போது தாடை வலித்து நின்றதும் அடங்கினால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். வியர்வை, மூச்சுத்திணறலோடு வலித்தால் பல் மருத்துவரைத் தேடி நேரத்தைக் கடத்தாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.