கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம்: காந்த நானோ துகளால் பிரித்தெடுப்பவர்களுக்கு

இந்தியக் கறிவேப்பிலையைப் பூச்சிமருந்துச் சோதனைக்காக ஐரோப்பிய எல்லையில் நிறுத்துகிறார்கள். தனி வரம்பு வகுக்காத மருந்துக்கு அங்கே பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பச்சையமும் மணஎண்ணெயும் மண்டிய இலையிலிருந்து அவ்வளவு சொற்பத்தைத் தேடியெடுக்க, குறிப்பிட்ட மருந்தின் அச்சு பதித்த பாலிமரைப் பூசிய காந்த நானோ துகள் நல்ல கருவி. ஆனால் அதன் திறமையை இலைச்சாற்றில்தான் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• அச்சு பதிக்காத பாலிமரையும் கூடவே தயாரியுங்கள். அதே மூலப்பொருள், அதே அளவு, அதே சூடு. அச்சாக வைக்கும் மூலக்கூறு மட்டும் இருக்காது. இரண்டு துகளும் ஒரே அளவு பிடித்தால் அச்சு வேலை செய்யவில்லை. உதாரணமாக, குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து தண்ணீரில் லேசில் கரையாது. அங்கே எந்தப் பாலிமரிலும் போய் ஒட்டிக்கொள்ளும். வடிநீரில் கிடைத்த அருமையான எண்ணை நம்பி ஏமாறுவது இதனால்தான்.

• அச்சுக்கு, தேடும் மருந்தையே வைக்காதிருப்பது நல்லது. எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் உள்ளே தங்கி, பிறகு சாம்பிளில் கசியும். மருந்தே அடிக்காத இலையில் மருந்து இருப்பதாக ரிப்போர்ட் போனால், ஒரு விவசாயியின் சரக்கு முழுவதும் வீணாகும். இதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை. வடிவத்தில் ஒத்த, சாம்பிளில் வர வாய்ப்பில்லாத மூலக்கூறைத் தேர்ந்தெடுங்கள்.

• இரும்பு ஆக்சைடுக் கருவைச் சிலிக்காவால் மூடுங்கள். அமிலம் பட்டால் வெறும் கரு கரையும்.

• மருந்தே இல்லாத பிளாங்க் இலையில் மருந்தை ஸ்பைக் செய்தவுடன் பிரித்தெடுக்காதீர்கள். இலைக்குள் இறங்க நேரம் கொடுங்கள். காலிபரேஷனையும் அதே இலைச்சாற்றில் போடுங்கள். ரெகவரி சராசரியாக 70 முதல் 120 சதவீதம், சிதறல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

• காந்தக் கலக்கியில் வைத்துக் கலக்காதீர்கள். வெள்ளைக் கலக்குத் துண்டை வெளியே எடுத்தால் கறுப்பாக ரோமம் முளைத்ததுபோல் இருக்கும். துகளில் பாதி அதில்தான் ஒட்டியிருக்கும். வோர்டெக்ஸோ ஷேக்கரோ போதும்.

• பச்சையம் போகட்டும் என்று கிராஃபைட் கரித்தூளைக் கொட்டாதீர்கள். தயபெண்டசோல், குளோரோதலோனில் போன்ற தட்டை மூலக்கூறுகளையும் அது சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

• காந்தம் எல்லாத் துகளையும் பிடித்துவிட்டது என்று எண்ணி, வடிகட்டாமல் எல்.சி. (திரவ நிறப்பகுப்பு) கருவியில் ஏற்றாதீர்கள். அதன் பிரிப்புக் குழாய் (column) அடைத்துக்கொள்ளும். வடிகட்டியே மருந்தைப் பிடித்துவைக்கிறதா என்பதையும் ஒருமுறை சோதியுங்கள்.

• பிளாங்க் ஓட்டிப் பார்க்காமல் பயன்படுத்திய துகளை மறுபடி எடுக்காதீர்கள். போன சாம்பிளின் மருந்து அடுத்ததில் தலைகாட்டும்.

• உலர்ந்த துகளைத் திறந்த மேசையில் எடை போடாதீர்கள்; மூச்சில் போகும். பயன்படுத்தியதைத் தொட்டியில் ஊற்றவும் வேண்டாம். பிடித்த மருந்து அதோடுதான் இருக்கிறது. அபாயக் கழிவுப் புட்டியில் சேருங்கள்.

• ஒரு மருந்துக்காகச் செய்த துகளை வைத்து "எந்த மருந்தும் இல்லை" என்று சான்று எழுதவே எழுதாதீர்கள். நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே ஓட்டத்தில் அலச 2003-இல் வெளியான குவெச்சர்ஸ் முறை இருக்கிறது. அதில் சந்தேகம் கிளப்பும் ஒன்றிரண்டை நுணுகிப் பார்க்கும்போது அச்சுத் துகளை எடுங்கள்.