பெருங்குடற் புற்றுநோய்: மருந்துக்கடையில் ஆரம்பிக்கும் பரிசோதனை

வருமான வரிப் படிவம் நிரப்ப எம்மிடம் வரும் பெரியவர்கள் பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவருவார்கள். அவற்றிடையே பிரிக்கப்படாத ஓர் உறையை அடிக்கடி காண்கிறோம். அது பெருங்குடற் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான அழைப்பு. பிரான்சில் 50 முதல் 74 வயது வரையுள்ளோருக்கு இரண்டு வருடங்களுக்கொருமுறை இது வருகிறது.

இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 47,000 பேருக்கு இந்நோய் ஏற்படுகிறது. சுமார் 17,000 பேர் இறக்கின்றனர். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேரைக் குணப்படுத்தலாம். ஆயினும் அழைக்கப்படுவோரில் பாதிப்பேர்கூடப் பரிசோதனை செய்வதில்லை.

"மகனை வைச்சுக்கொண்டு இதையெல்லாம் டொக்டரிட்டை எப்பிடித் தம்பி கதைக்கிறது?" என்று ஓர் அம்மா எம்மிடம் கேட்டார். நியாயமான கூச்சம்தான். ஆனால் 2022ஆம் ஆண்டிலிருந்து மருந்தாளரும் இப்பரிசோதனைப் பெட்டியை வழங்கலாம். மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்கும் அதே கடையில், முன்பதிவு எதுவுமின்றிக் கடிதத்தைக் காட்டிக் கேட்கலாம்.

மருந்தாளர் சில கேள்விகள் கேட்பார். வயது என்ன? குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் வந்ததா? மலத்தில் இரத்தம் போகிறதா? அண்மையில் குடலைக் கமெரா விட்டுப் பார்த்தார்களா? வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று தலையாட்டிவிடக் கூடாது. இரத்தம் போவோருக்கும், நெருங்கிய உறவினருக்கு இந்நோய் வந்தோருக்கும் இப்பெட்டி போதாது. அவர்களை மருந்தாளர் வைத்தியரிடம் அனுப்புவார். அந்த அம்மாவின் விடைகளை நாம் ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தோம். அவர் தனியாகவே சென்று பெட்டியுடன் திரும்பினார்.

செய்முறை எளிது. வீட்டில், தரப்படும் காகிதத்தில் மலத்தைச் சேகரித்து, குச்சியால் சிறிது தொட்டுக் குழாயினுள் இட்டு மூடவேண்டும். திகதியை எழுத மறக்கக் கூடாது. பெட்டியிலுள்ள உறையில் இட்டு 24 மணித்தியாலத்துள் தபாலில் சேர்க்கவேண்டும். முத்திரைச் செலவோ ஆய்வுக் கட்டணமோ இல்லை.

கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையே ஆய்வுகூடம் தேடுகிறது. நூற்றில் சுமார் நால்வருக்கே அது காணப்படும். அதுவும் புற்றுநோய் என்று அர்த்தமாகாது. அடுத்து கமெரா மூலம் குடலைப் பார்ப்பார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய சதை வளர்ச்சி இருந்தால் அப்போதே அகற்றிவிடலாம்.

எமக்கு இன்னும் ஐம்பது வயதாகவில்லை. ஆனால் வீட்டு மூத்தோரின் கடிதப் பையைப் பார்க்கும் கடமை எம் வயதினருக்கு உண்டு. அந்த உறையை இன்றே தேடிப் பிரியுங்கள்.