ஒட்டுப்போர்வை

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய கென்டக்கி மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஒகையோ ஆறும் டென்னசி ஆறும் கூடுமிடத்தில், படூக்கா என்னும் சிறுநகர் அமைந்துள்ளது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நகரில் வாழ்வோர் ஏறத்தாழ 27,000 பேர். ஆண்டுதோறும் இளவேனிற் பருவத்தில் பல்லாயிரவர் அங்கு வந்து கூடுகின்றனர். வருவோர் பொன்னையும் மணியையும் காண வருவாரல்லர். துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வைகளைக் காண வருகின்றனர். இக்கைத்தொழிற் சிறப்புக் கருதியே யுனெஸ்கோ நிறுவனம் 2013இல் அந்நகரைப் படைப்புத்திறன் மிக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது.

ஒட்டுப்போர்வை மூன்று அடுக்குகளை உடையது. மேலே, பல நிறத் துண்டுகளை இணைத்து அமைத்த மேற்றுணி, நடுவே, மெல்லிய பஞ்சுப் பரப்பு, அடியில், உள்துணி. இம்மூன்றையும் நழுவாவண்ணம் ஊடுருவிச் செல்லும் தையலே போர்வைக்கு உயிராம். அது தளருமாயின் பஞ்சு ஒருபால் திரண்டுவிடும்; போர்வையும் பயன்படாது ஒழியும். பழந்தமிழர் தைப்போரைத் துன்னகாரர் என்றனர். சிலப்பதிகாரத்தில் அப்பெயர் வழங்குகின்றது. தையல் என்னும் சொல்லோ துணி தைத்தலையும் பெண்ணையும் ஒருங்கே குறிப்பது. படூக்கா நகரில் இச்சொற்பொருத்தம் முற்றும் செல்லாது. அங்கே ஊசி பிடிக்கும் ஆடவரும் உளர்.

அந்நகரில் வாழும் மூதாட்டி ஒருவரை மனக்கண்முன் கொணர்க. அகவை எழுபதைக் கடந்தவர். மக்கள் வெளியூரில் வாழ்கின்றனர். அவருடைய வாரம் திங்கட்கிழமை காலையில் துணி வெட்டுவதோடு தொடங்கும். நோயுற்ற குழந்தை ஒன்றுக்காக 36 அங்குல அகலமும் 42 அங்குல நீளமும் உள்ள போர்வை அமைக்கக் கருதுகிறார். ஒன்பது சதுரங்களால் ஆன கட்டம் ஒன்று. அவ்வாறு 42 கட்டங்கள். ஆகவே 378 சதுரங்கள் வேண்டும். கட்டம் ஒவ்வொன்றிலும் ஐந்து அடர்நிறம், நான்கு வெளிர்நிறம். ஓரத்தே கால் அங்குலம் தையலுக்குப் போகுமாதலால், இரண்டு அங்குலச் சதுரம் பெற இரண்டரை அங்குலம் வெட்டுதல் வேண்டும். இக்கால் அங்குலத்தில் சிறிதும் பிழை நேரலாகாது. தையல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் உள்ளே சென்றாலும், இணையும் இரு துண்டுகளும் அவ்வளவு குறைதலின், எட்டு இணைப்புகளில் ஓர் அங்குலம் போய்விடும். மூதாட்டியார் ஏட்டுக் கணக்கில் வல்லவர் அல்லர். துணிக் கணக்கில் அவர் இடறியதில்லை.

செவ்வாய்க்கிழமை தையற்கூட்டத்திற்கு உரியது. தேவாலயத்தை அடுத்த கூடத்தில் மரச்சட்டம் ஒன்று நிறுத்தப்பட்டிருக்கும். முன்னரே மேற்றுணி முடிந்த போர்வை ஒன்று அதில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். பெண்டிர் எண்மர் சூழ அமர்ந்து, நடுவிரலில் உலோகக் கூடு அணிந்து, ஓட்டத்தையல் இடுவர். கை மேலே குத்த, மற்றொரு கை அடியில் ஊசியின் முனையைத் தேர்ந்து உணரும். நாட்டு நடப்பும் ஊர் நடப்பும் அங்கே பேசப்படும். அண்டை வீட்டார் பற்றிய செய்தி சில சூடேறுவதும் உண்டு. ஊசி மட்டும் நில்லாது. புதிதாகக் கற்கும் இளம்பெண் ஒருத்தி நீண்ட தையல் இட்டுவிட்டால், எவரும் அவள் எதிரே பிரிப்பதில்லை. சில இல்லங்களில் அவள் சென்றபின் பிரிப்பார்களாம்; இம்மூதாட்டியார் அதனையும் விரும்பார். கோணல் தையலும் குளிரைத் தடுக்கும் என்பது அவர் கொள்கை.

புதன்கிழமை முழுதும் தையற்பொறியின் முன் கழியும். வியாழக்கிழமை உலாப் போகும் நாள்.

அன்று தோழியர் இருவருடன் ஆற்றங்கரைக்குச் செல்வார். 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒகையோ ஆறு கரைபுரண்டு படூக்காவை மூழ்கடித்தது. மக்கள் வீடு துறந்து வெளியேறினர். அதன்பின் நகரைக் காக்க எழுப்பிய நெடுஞ்சுவரில் இன்று நகர வரலாறு ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. 1996இல் தொடங்கிய அப்பணியில் 50க்கும் மேற்பட்ட ஓவியங்கள் உருவாயின. சுவரைக் கடந்து சிறிது நடந்தால் தேசிய ஒட்டுப்போர்வை அருங்காட்சியகம். 1991இல் திறக்கப்பெற்ற அம்மாளிகையில் கைவல்லார் இயற்றிய போர்வைகள் பல நூறு காக்கப்படுகின்றன. வெயில் பட்டால் சாயம் வெளுக்குமாதலின் அங்கே விளக்கொளி மங்கலாகவே இருக்கும். கை தொடுதல் ஆகாது. ஓவியமோ தையலோ என மயங்கச் செய்யும் நுண்பணிகள் அவை. மூதாட்டியார் ஒவ்வொன்றின் முன்னும் நெடிது நிற்பார், வியப்பார். எனினும், ஒருநாளும் எவர் தோளையும் போர்த்தாத போர்வை என்று அவற்றைக் குறித்து ஓர் ஏக்கமும் அவருக்கு உண்டு.

அவர் ஏக்கம் காரணமற்றது அன்று. அதே ஆற்றின் வழியே ஒரு காலத்தில் காயமுற்ற வீரர் படகுகளில் படூக்காவிற்குக் கொணரப்பட்டனர். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் கிரான்ட் என்னும் வடபடைத் தலைவர் நகரைக் கைக்கொண்டார்; 1862இல் நிகழ்ந்த கடும் போர்களில் புண்பட்டோர் இங்குள்ள மருத்துவமனைகளை நிரப்பினர். அரசின் சேமிப்பில் போர்வைகள் போதவில்லை. அந்நாளில் வடமாநிலங்களில் அமைந்த நலவாழ்வு ஆணையத்தின் வழியே, ஊர்தோறும் பெண்டிர் போர்வை தைத்து அனுப்பினர். வீட்டுக் கட்டிலுக்கு உரிய அகன்ற போர்வை மருத்துவமனையின் ஒடுங்கிய கட்டிலுக்கு ஒவ்வாது. ஆகவே குறுகிய அளவில் தைத்தனர். போர் முடிந்த 1865ஆம் ஆண்டிற்குள் இரண்டரை இலட்சம் போர்வைகள் அவ்வாறு வழங்கப்பட்டன என்று மதிப்பிடுவர்.

அத்தனையுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. ஏனையவை எங்கே? குருதி தோய்ந்தன; வெந்நீரில் துவைக்கப்பட்டுத் தேய்ந்தன; பாசறை மண்ணில் விரிக்கப்பட்டன; இறந்தாரோடு புதைந்தன. வீட்டில் விருந்தினர் வரும்போது மட்டும் விரித்த அழகிய போர்வைகளோ பேழையில் கிடந்து, பேரர்க்கும் பேரர் கைக்கு வந்து, இறுதியில் கண்ணாடிக்குள் ஏறின. அருங்காட்சியகங்கள் பழைய போர்வைகளின் வரலாற்றை உரைக்கின்றன என்பர். மிகுதியும் உழைத்த போர்வைகளைப் பற்றி அவை உரைக்க இயலாது.

இக்காலத்தும் கொடைப்போர்வை தைப்போர் குறைந்திலர். 1995இல் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் தோன்றிய லைனஸ் திட்டம், நோயாலும் துயராலும் வாடும் குழந்தைகளுக்குப் போர்வை வழங்குகிறது. எந்நேரமும் போர்வையைப் பற்றிக்கொண்டு திரியும் லைனஸ் என்னும் சித்திரக்கதைச் சிறுவனின் பெயரே அதற்கு இடப்பட்டது. 2003இல் டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்த கேத்தரின் ராபர்ட்ஸ் என்னும் அம்மையார், தம் மகன் ஈராக்குப் போர்க்களத்தில் இருந்தபோது, போர் தொட்ட வீரர்க்குப் போர்வை அளிக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். அதன் வழியே வழங்கப்பட்டவை 3 இலட்சத்திற்கும் மேலாயின. இவ்வமைப்புகள் எதனையும் வாங்கிக்கொள்வன அல்ல. பழையதும் அழுக்குற்றதும் ஏலா. துவைக்க இயலாததும் ஏலாது. தமக்கு வேண்டாததைத் தள்ளிவிட்டு அதனைக் கொடை என்று கூறிக்கொள்வார் எந்நாட்டிலும் உளராதலின் இக்கண்டிப்பு நன்றே.

வெள்ளிக்கிழமை மாலை, மூதாட்டியாரின் போர்வை கரைப்பட்டை தைத்து முடிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு மருத்துவமனைக்கு உரிய போர்வைகளைத் திரட்டிச் செல்ல ஒருவர் வருவார். மூதாட்டியார் தம் குண்டூசிகளை எண்ணினார். அடுக்குகளைப் பொருத்தும்போது எண்ணிக் குத்தியவை அறுபது. மெத்தைத் திண்டில் மீண்டவை ஐம்பத்தொன்பது. மறுமுறை எண்ணினார்; அதே தொகை. மேசையின் கீழ்த் தேடினார். காந்தத்தால் தரையைத் துழாவினார். கிடைத்திலது.

தோழியார் தொலைபேசியில், “ஊசி துப்புரவு செய்தபோது குப்பையோடு போயிருக்கும், போர்வை அழகாக உள்ளதே, கொடுத்துவிடுங்கள்” என்றார்.

“போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அதனைப் போர்த்திக்கொள்ளும் குழந்தைக்கு ஏற்கெனவே ஊசிகள் போதும்” என்றார் மூதாட்டியார்.

மறுநாள் வந்தவர் வேறு இரண்டு போர்வைகளைப் பெற்றுச் சென்றார். மூதாட்டியார் சாளரத்தின் அருகே அமர்ந்து, போர்வையை மடியில் விரித்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையே விரற்கடை விரற்கடையாக அழுத்திப் பார்த்தார். நடுப்பகல் கடந்தது. முப்பத்தோராம் கட்டத்தில், பஞ்சின் உள்ளே சாய்ந்து கிடந்த ஊசியின் தலை சுட்டுவிரலில் நெருடிற்று. நான்கு தையல்களைப் பிரித்து அதனை எடுத்தார்; மீண்டும் தைத்தார். பின்னர்ப் போர்வையைத் துவைத்து உலர்த்தினார்.

அடுத்த வாரம் அது மருத்துவமனைக்குச் சென்றது. எக்குழந்தையின் கைக்குப் போயிற்று என்பதை அவர் அறியார். கேட்கும் வழக்கமும் இல்லை. போர்வையின் பின்புற மூலையில் அவர் தைத்திருந்த சிறு வெள்ளைத் துணியில் தம் பெயரை எழுதவில்லை. ‘இளவெந்நீரில் எத்தனை முறை வேண்டுமாயினும் துவைக்கலாம்’ என்பது மட்டும் அதில் எழுதப்பட்டிருந்தது.