டிஸ்க்கா, கேபிளா?

கேள்வி: டெபியன் லினக்ஸ் போட்ட என் கம்ப்யூட்டரில் இரண்டு டெராபைட் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. பெரிய வீடியோக்களைக் காப்பி செய்தால் பாதியில் 'இன்புட்/அவுட்புட் எரர்' என்று நின்றுவிடுகிறது. சில நாள் ஒழுங்காக ஓடுகிறது. "டிஸ்க் போயிடுச்சு, ஃபார்மட் பண்ணிப் பார்ப்போம்" என்கிறார் கடைக்காரர். தங்கையின் கல்யாண வீடியோ அதில்தான் இருக்கிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஃபார்மட் வேண்டவே வேண்டாம். வீடியோ வேறொரு டிஸ்க்குக்குப் போய்ச் சேரும்வரை ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே-வையும் ஓட்டாதீர்கள். இரண்டுமே டிஸ்க்கில் எழுதும். கோளாறு எங்கே என்று தெரியாமல் எழுதினால் இருப்பதும் கெடும்.

எரர் வந்ததும், ரீபூட் செய்யாமல், டெர்மினலில் டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்துக் கடைசி வரிகளைப் பாருங்கள். 'யுஎன்சி' என்று இருந்தால் தட்டிலேயே படிக்க முடியாத இடம் இருக்கிறது. 'ஐசிஆர்சி' என்று இருந்தால் தகவல் வரும் வழியில் கெட்டிருக்கிறது. அடிக்கடி இப்படி நேர்ந்தால் கெர்னல், சாட்டா வேகத்தை 6 கிகாபிட்டிலிருந்து 3, பிறகு 1.5 என்று தானே குறைத்துவிடும். அதையும் அங்கேயே எழுதியிருக்கும்.

அடுத்து, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸை நிறுவி, ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் பட்டியலில் 5, 197, 199 ஆகிய மூன்று வரிசைகளின் கடைசி எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதலில் பார்ப்பது 199. கேபிள் வழியாகத் தகவல் போகும்போது கூடவே ஒரு சரிபார்ப்பு எண்ணும் போகிறது. மறுமுனையில் கணக்கு ஒத்துவராவிட்டால் இந்த எண் ஏறும். ஏறியது இறங்காது. புதுக் கேபிள் மாட்டிய பிறகும் பழைய எண் அப்படியே நிற்பதைப் பார்த்து, நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு மனசு பொறுப்பதில்லை.

197-ம் 5-ம் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் கேபிள்தான். என் வீட்டு மெஷினில் கேபினெட்டின் பக்கத்தகடு, சிவப்புக் கேபிளை டிஸ்க்கின் வாயருகே அழுத்தி மடக்கியிருந்தது. தகட்டைக் கழற்றினால் எரர் இல்லை, மாட்டினால் வரும்! அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. சாட்டா கேபிளின் முனை சுமார் 50 தடவை செருகிக் கழற்றத்தான் வடிவமைக்கப்பட்டது. அதனால் பழையதையே திரும்பத் திரும்ப அசைத்துப் பார்க்காமல், உலோகக் கிளிப் உள்ள புதிய கேபிள் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். அதே வீடியோவைக் காப்பி செய்து 199-ஐ மறுபடி பாருங்கள். எண் நகரவில்லையென்றால் கோளாறு தீர்ந்தது. நகர்ந்தால் மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பவர் முனையையும் கவனியுங்கள்.

197 பூஜ்யமாக இல்லையென்றால் கதை வேறு. படிக்க முடியாத அத்தனை செக்டர்கள் முடிவுக்காகக் காத்திருக்கின்றன என்று பொருள். ஃபார்மட்டுக்குப் பின் புதிதாக எழுதும்போது டிஸ்க் அவற்றை ஒதுக்கிவிடும் (அப்படி ஒதுக்கியவற்றின் கணக்குதான் 5), 197-ம் குறையும், 'சரியாகிவிட்டது' என்று கடைக்காரரும் சொல்வார். வீடியோ மட்டும் இருக்காது. அதற்கு முன் இன்னொரு டிஸ்க் வாங்கி ஜிஎன்யு டிடிரெஸ்க்யூவால் நகலெடுங்கள். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிப்பவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப்ஃபைலைக் கட்டாயம் கொடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.