நாரையும் நான்கு சிறைகளும்

அருளிச்செயல் பாடம் கேட்கும் பிள்ளைகளிடம் ஒரு பாசுரத்தின் பொருளை வினவினால், பலர் நேரே ஸ்வாபதேசத்திற்குத் தாவிவிடுகின்றனர். "நாரை என்றால் ஆசார்யன்" என்று விடை வருகிறது. நாரையிடம் பேசுபவள் யார், எதற்காகப் பேசுகிறாள் என்று கேட்டால் மௌனம். சொன்ன விடை தவறன்று. ஆயினும் பராங்குச நாயகியின் ஆற்றாமை அங்கே காணாமற் போயிற்று.

திருவாய்மொழி முதற்பத்து, நான்காம் பதிகத்தின் முதற்பாசுரத்தையே கொள்வோம். எம்பெருமானைப் பிரிந்த நாயகி நாரையைத் தூது போக வேண்டுகிறாள். இதில் 'சிறை' என்னும் சொல் எத்தனை முறை வருகிறது என்று முதலில் எண்ணச் சொல்லுகிறோம். நான்கு முறை. நாரைக்கும், அதன் சேவலுக்கும், கொடியில் விளங்கும் பெரிய திருவடிக்கும் அது இறகு. நான்காம் இடத்தில் மட்டும் சிறைக்கூடம். இவ்வளவும் ஆழ்வார் வாய்திறந்து அருளியது, ஊகத்திற்கு இடமில்லை.

அடுத்து, சொல்லாமல் உணர்த்தியது. நாரையைத் தனியே அழையாமல் சேவலோடு சேர்த்து அழைப்பானேன்? இணைபிரியாத பறவைகளைக் காண்பவள் தான் தனித்திருப்பவள். 'தனிமை' என்ற சொல் பாசுரத்தில் இல்லை. அழைத்த முறையே அதைக் காட்டுகிறது. தூது சென்ற இடத்தில் சிறைவைத்தால்தான் என்ன என்று அவள் கேட்பதும் கொடுமையால் அன்று. பிறர்க்காகப் படும் துன்பம் துன்பமாகாது என்பது அவள் உள்ளம். இலங்கையில் கட்டுண்ட அனுமனை மாணாக்கரே இங்கு நினைவுகூர்வர்.

ஒரு பிள்ளை, நாரை வெண்மையாதலால் தூய்மையைக் குறிக்கும் என்றான். அழகிய கற்பனைதான். ஆனால் வெண்மையைச் சொல்லும் சொல் எது என்று தேடச் சொன்னோம். அவனே தேடி, இல்லை என்றான். உட்பொருளுக்கும் தாங்குவதற்கு ஒரு சொல் வேண்டும்.

இவற்றின் பின்னரே ஸ்வாபதேசம். அது நாமாக ஊகித்துக் கொள்வதன்று; பூர்வாசார்யர்கள் உபதேசித்தருளியது. பறவைக்கு இரு சிறகுகள்போல ஆசார்யனுக்கு ஞானமும் அனுஷ்டானமும். ஒன்று குறைந்தாலும் பறத்தல் இல்லை. எம்பெருமானார்க்காகச் சோழன் சபைக்குச் சென்று திருக்கண்களை இழந்த கூரத்தாழ்வானின் சரிதத்தைக் கேட்டிருந்த பிள்ளைக்கு, நான்காவது 'சிறை' இப்போது வேறாக ஒலிக்கும். சேவலைச் சேர்த்து அழைத்ததைக் கவனியாதவனுக்கும், சிறையை எண்ணாதவனுக்கும் அவ்வொலி கேட்பதற்கில்லை.

அடுத்த பாசுரத்தில் இணை நாரைகளை விட்டு, கூட்டமான குயில்களை நாயகி அழைக்கிறாள். ஏன் இம்மாற்றம்? பாசுரத்தின் எந்தச் சொல்லைப் பற்றி விடை சொல்லுகிறீர்கள் என்பதையும் எழுதி வரும்படி மாணாக்கரிடம் சொல்லியிருக்கிறோம்.